கேம் சந்தா கட்டலாமா? ஒரு கணக்கு டீச்சரின் பதில்



போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். முதலாமவர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர், இப்போது பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். "டீச்சர், பையன் கம்ப்யூட்டர்ல கேம் விளையாட மாசாமாசம் பணம் கட்டணும்ங்கறான். கட்டலாமா, தண்டமா?" என்றார். இரண்டாவது, சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் என் அண்ணன் மகன். "அத்தை, நானே ஒரு வருஷமா கட்டிக்கிட்டிருக்கேன். விளையாடத்தான் நேரமில்ல" என்றான். மூன்றாவது ஆள் எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேரன். அவன் கேட்கவில்லை, மனுவே கொடுத்துவிட்டான்.

தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். வகுப்பில் நீங்கள் எல்லாரும் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவீர்கள். அதனால் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். லீவு மாதத்துக்கு ஒரு மாதச் சந்தா கட்டுவது நல்ல செலவு. வருஷம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் சந்தா, நம்மில் பெரும்பாலான வீடுகளுக்கு நஷ்டம். இனி வழிமுறை.

முதலில், இது என்னவென்று தெரியாத பெரியவர்களுக்காக. முன்பு வீடியோ கேம் என்றால் கடையில் டிஸ்க் வாங்க வேண்டும். இப்போது இன்டர்நெட்டிலேயே விலை கொடுத்து வாங்கி, டவுன்லோடு செய்து விளையாடுகிறார்கள். பெரிய கேம் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்கூட இருக்கும். அப்படி ஒவ்வொன்றாக வாங்காமல், மாதம் ஒரு தொகை கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்களில் எதை வேண்டுமானாலும் இறக்கி விளையாடலாம் என்பதுதான் சந்தா. நம் காலத்து வாடகை நூலகம் மாதிரி. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் 2017இல் வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் 2010இலேயே உண்டு. 2022இல் அதை மூன்று கட்டணப் பிரிவாக மாற்றினார்கள். போனில் விளையாடுபவர்களுக்கு ஆப்பிள் ஆர்கேட் 2019இலும், இந்தியாவில் கூகுள் பிளே பாஸ் 2022இலும் வந்தன. இந்த இரண்டும் இங்கே மாதம் 99 ரூபாய் என்ற கட்டணத்தோடு அறிமுகமானவை.

இது ஏதோ புத்தம்புது யோசனை என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1994இலேயே சேகா என்ற ஜப்பான் கம்பெனி, கேபிள் டி.வி. வயர் வழியாக கேம்களை அனுப்பும் சந்தா நடத்தியது. மாதம் ஐம்பது கேம் வரை கிடைக்கும். மெஷினை அணைத்தால் இறக்கிய கேம் நினைவகத்திலிருந்து அழிந்துபோகும். 1998இல் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். அன்றைக்கு மெஷினை அணைத்தால் போச்சு. இன்றைக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால் போச்சு. குணம் ஒன்றுதான்.

இன்னொரு விஷயத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். "ஆன்லைன் கேம்" என்றதும் சில உறவினர்கள் ரம்மியை நினைத்துப் பயப்படுகிறார்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. நாம் பேசுவது அது இல்லை. இதில் ஜெயித்துப் பணம் வருவதும் இல்லை, தோற்றுப் பணம் போவதும் இல்லை. இது பொழுதுபோக்குச் செலவு, அவ்வளவுதான். ஆகவே சினிமா டிக்கெட்டை அளக்கும் கோலால் இதையும் அளக்கலாம்.

முதல் கணக்கு: எத்தனை கேம்?

சந்தா மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான கட்டணம் சேவைக்குச் சேவை, பிரிவுக்குப் பிரிவு மாறும். நீங்கள் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 6,000. ஒரு கேமின் விலை சராசரியாக 2,000 என்று வைத்தால், பிள்ளை வருஷத்தில் மூன்று கேம் விளையாடினால் சரிக்குச் சரி. ஆறு விளையாடினால் பாதி விலை. ஒன்றே ஒன்று விளையாடினால் 4,000 நஷ்டம்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். பிள்ளைகள் உண்மையில் என்ன விளையாடுகிறார்கள்? நான் விசாரித்தவரை பி.ஜி.எம்.ஐ., ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், வேலரன்ட். இவை இலவசம். இவற்றுக்கு எந்தச் சந்தாவும் வேண்டாம். மைன்கிராஃப்ட் ஒருமுறை வாங்கினால் போதும், வருஷக்கணக்கில் ஓடும். கால்பந்துப் பிரியர்கள் வருஷம் முழுக்க அந்த ஒரே கால்பந்து கேமைத்தான் விளையாடுகிறார்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிற ஆளுக்கு நூலகச் சந்தா எதற்கு? அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பர்களோடு ஆன்லைனில் சேர்ந்து விளையாட, பொதுவாக ஒரு சந்தா தேவைப்படும். அதற்கு இருப்பதிலேயே குறைந்த கட்டணப் பிரிவு போதும். கம்ப்யூட்டரில் விளையாடுபவர்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. "ஃப்ரெண்ட்ஸோட விளையாடணும்" என்று பிள்ளை சொன்னால் எந்த மெஷினில், எந்த கேம் என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்வியிலேயே பாதி விடை வந்துவிடும்.

இரண்டாவது கணக்கு: எத்தனை மணி நேரம்?

விளம்பரத்தில் "நூற்றுக்கணக்கான கேம்கள்" என்று பெரிதாகப் போடுவார்கள். நம் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு என்பதை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும். பள்ளி நாட்களில் என் பேரனுக்குச் சனி, ஞாயிறு இரண்டு இரண்டு மணி நேரம். மாதத்துக்கு 16 மணி. 2015இல் வந்த விட்சர் 3 போன்ற பெரிய கதை கேம் ஒன்றின் முக்கியக் கதையை மட்டும் முடிக்கவே சுமார் 50 மணி நேரம் ஆகும். ஐம்பதைப் பதினாறால் வகுத்தால் மூன்று மாதத்துக்கு மேல். 500 வீதம் 1,500 ரூபாய்க்கு மேல் கட்டியாயிற்று, விளையாடியது ஒரு கேம். அந்தப் பழைய கேம் ஸ்டீம் கடையில் தள்ளுபடி நாட்களில் அதைவிட எவ்வளவோ குறைவான விலைக்கு வரும். வாங்கிவிட்டால் அடுத்த மாதம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம்.

அதே பிள்ளைக்கு மே மாத லீவில் தினம் இரண்டு மணி நேரம் என்றால் 60 மணி. ஒரே மாதம், ஒரே 500. அப்போது கணக்கு அப்படியே தலைகீழாக மாறுகிறது. சந்தாவில் லாபம் வருவது நேரத்தால்தான், பட்டியலின் நீளத்தால் இல்லை. என் அண்ணன் மகனுக்கும் இதே பதில்தான். உனக்கு மாதத்தில் நான்கு மணி நேரம் கிடைக்கிறது. நீ கட்டுவது விளையாட்டுக்கு இல்லையப்பா, "என்றைக்காவது விளையாடுவேன்" என்ற நினைப்புக்கு.

மூன்றாவது கணக்கு: விலை நிற்காது

கேம் பாஸின் உச்சப் பிரிவு அமெரிக்காவில் 2019இல் மாதம் 14.99 டாலர். 2023இல் 16.99. 2024இல் 19.99. 2025 அக்டோபரில் 29.99. ஆறே வருஷத்தில் இரட்டிப்பு, அதிலும் கடைசித் தாவல் ஒரேயடியாக ஐம்பது சதவீதம். அதே மாதம் இந்தியாவிலும் கட்டணம் ஏறியது. சோனியும் சும்மா இருக்கவில்லை. பிளேஸ்டேஷன் பிளஸ் அடிப்படைப் பிரிவின் வருஷச் சந்தாவை 2023 செப்டம்பரில் 59.99 டாலரிலிருந்து 79.99 டாலருக்கு ஏற்றியது.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வியாபாரம் என்றால் முதலில் குறைந்த விலையில் பழக்கிவிட்டுப் பிறகு ஏற்றுவது வழக்கம்தான். ஆனால் "மாசம் இவ்வளவுதானே" என்று இன்று போடும் கணக்கை அடுத்த வருஷத்துக்கும் அப்படியே நம்பக் கூடாது. வாங்கிய கேமின் விலை அன்றோடு முடிந்தது. சந்தாவின் விலை முடிவதே இல்லை.

நான்காவது கணக்கு: இடமும் டேட்டாவும்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரிய கேம்கள் இப்போது 100 ஜி.பி. தாண்டுவது சாதாரணம். தினம் 2 ஜி.பி. தரும் மொபைல் டேட்டாவில் அப்படி ஒரு கேமை இறக்க ஐம்பது நாள் ஆகும். அதற்குள் இரண்டாவது மாதச் சந்தாவும் போய்விடும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால்தான் இந்தப் பேச்சே. அதுபோல 512 ஜி.பி. என்று விற்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மெஷினில் நாம் பயன்படுத்தக் கிடைப்பது 364 ஜி.பி. நூறு ஜி.பி. கேம் மூன்று போட்டால் நான்காவதுக்கு இடம் இல்லை. ஒன்றை அழித்துத்தான் இன்னொன்றைப் போட வேண்டும். அலமாரியில் ஆயிரம் புத்தகம் இருந்தாலும் கைப்பையில் மூன்றுதான் கொள்ளும்.

இனி கணக்குக்குள் அடங்காத ஒரு விஷயம். சந்தாப் பட்டியலில் இருக்கும் கேம்கள் நிரந்தரமாக இருப்பதில்லை. கேமை உருவாக்கிய கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள். ஜி.டி.ஏ. 5 என்ற புகழ்பெற்ற கேம் 2020 ஜனவரியில் கேம் பாஸில் வந்து மே மாதம் போய்விட்டது. 2021இல் திரும்ப வந்து சில மாதத்தில் போனது. 2023இல் மறுபடி வந்து 2024 ஜனவரியில் போனது. 2025இல் இன்னொரு முறை வந்தது. விருந்தாளி மாதிரி வருகிறது, போகிறது.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. எந்தச் சேவை என்பது வேண்டாம். பேரன் ஒரு கதை கேமை ஆறு வாரமாக வாரக் கடைசிகளில் ரசித்து விளையாடிக்கொண்டிருந்தான். முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அரையாண்டுத் தேர்வு வந்தது, எடுத்து வைத்தான். தேர்வு முடிந்து வந்து பார்த்தால் கேம் பட்டியலில் இல்லை. விலை கொடுத்து வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று திரையில் வருகிறது. அவன் அழவில்லை. "ஆச்சி, நாம பணம் கட்டிக்கிட்டுதானே இருந்தோம்?" என்று மட்டும் கேட்டான். நூலகத்தில் நாம் பாதி படித்த புத்தகத்தை யாராவது கையிலிருந்து பிடுங்குவார்களா என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். அந்த வயதுப் பிள்ளைக்கு வாடகை என்றால் என்ன, சொந்தம் என்றால் என்ன என்று அன்று விளக்கினேன். வட்டிக் கணக்கைவிட அது அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

"அப்போ வாங்கிடுவோம் டீச்சர், சொந்தமாயிடும்ல" என்று நீங்கள் சொல்லலாம். முழுக்கச் சொந்தமாகாது. டவுன்லோடு செய்து வாங்கும் கேமில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமம்தான். யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதன் பிறகு அதை விளையாட முடியவில்லை. இந்த மாதிரிச் சம்பவங்களுக்குப் பிறகுதான் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. உரிமத்தை விற்றுவிட்டு வெறுமனே "வாங்குங்கள்" என்று போடக் கூடாது, உரிமம்தான் என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஸ்டீம் கடையும் பணம் கட்டும் இடத்தில் இதை எழுதிப்போட ஆரம்பித்துவிட்டது. ஜி.ஓ.ஜி. என்ற கடை பூட்டு இல்லாத கேம்களை விற்கிறது. இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலே நிறுவி விளையாடலாம். ஆகவே வாங்குவதிலும் தரம் உண்டு. தனியாக விளையாடும் கதை கேம்களை வாங்குவது பத்திரம். சர்வரை நம்பி ஓடும் கேம்களுக்குப் பெரிய தொகை போடுவது ஆற்று மணலில் வீடு கட்டுகிற மாதிரி.

இவ்வளவு சொன்ன பிறகு சந்தாவின் நல்ல பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அது சாதாரண நன்மையும் இல்லை.

வெண்பா என்று ஒரு கேம் 2023 ஜூலை 31 அன்று வெளியானது. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் உருவாக்கியது. எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் கதை. அம்மாவின் பெயர்தான் வெண்பா. ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. மிச்சத்தை வைத்து இட்லியும் புட்டும் பிரியாணியும் எப்படிச் செய்வது என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இடையில் மகன் வளர்கிறான், தமிழ் பேசத் தயங்குகிறான், அம்மா காத்திருக்கிறாள். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, அறிமுக கேமுக்கான விருதை இதற்குக் கொடுத்தது. மொத்தமே ஒன்றரை மணி நேரக் கேம்.

இது வெளியான அன்றே கேம் பாஸ் சந்தாவிலும் சேர்ந்தது. அமெரிக்காவில் தனியாக வாங்கினால் 14.99 டாலர். ஒன்றரை மணி நேரக் கேமுக்கு அந்த விலை கொடுக்க எந்த அப்பாவும் யோசிப்பார், எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டு வாங்கவும் மாட்டான். பட்டியலில் கண்ணில் பட்டதால்தான் "ஆச்சி, இங்க பாருங்க, இட்லி" என்று பேரன் என்னைக் கூப்பிட்டான். எந்தத் தட்டை எங்கே வைப்பது என்று அவனுக்கு நான் சொல்ல, பட்டனை அவன் அழுத்த, இரண்டு பேரும் சேர்ந்து முடித்தோம். அன்று இரவு வெளிநாட்டில் இருக்கும் தன் அத்தையிடம் போனில் முழுக்கத் தமிழிலேயே பேசினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அலமாரி திறந்திருப்பதன் பயன் இதுதான். தேடிப் போகாத புத்தகம் கையில் சிக்கும். சின்னச் சின்ன, மாறுபட்ட கேம்களைத் தொட்டுப் பார்க்கும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஒரு மாதச் சந்தா மிகப் பெரிய வாசல். ஐம்பது மணி நேரக் கேமுக்குச் சந்தா நஷ்டம் என்றால், இரண்டு மணி நேரக் கேம்கள் பத்துக்கு அதே சந்தா கொள்ளை லாபம்.

"இலவச கேமே போதும், சந்தா எதற்கு" என்கிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இலவச கேம்கள் பலவற்றில் உள்ளே கடை விரித்திருக்கிறார்கள். உடை, துப்பாக்கியின் தோல், அதிர்ஷ்டப் பெட்டி என்று ஐம்பதும் நூறுமாகப் போகும். சந்தாவுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு மேல் எல்லை உண்டு. இலவசத்துக்கு எல்லையே இல்லை. ஆப்பிள் ஆர்கேட் கேம்களில் விளம்பரமும் கிடையாது, உள்ளே பொருள் விற்பதும் கிடையாது. குடும்பத்தில் ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம். ஐபோனோ ஐபேடோ இருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த 99 ரூபாய் வகைச் சந்தாவை நான் தண்டம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? வீட்டுப் பாடமாக ஐந்து விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, சந்தா கட்டுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, பட்டியலைப் பார்த்து விளையாட விரும்பும் கேம்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். நான்கு பெயர் எழுத முடியாவிட்டால் சந்தா வேண்டாம். பிடித்த ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.

இரண்டு, வருஷச் சந்தா மலிவு என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். மே மாதம் ஒன்று, தேவைப்பட்டால் காலாண்டு, அரையாண்டு லீவுகளில் இன்னொன்று. வருஷத்தில் இரண்டு மாதம் கட்டினால் 1,000. பன்னிரண்டு மாதம் கட்டினால் 6,000.

மூன்று, கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். பொதுவாக, கட்டிய மாதம் முடியும்வரை சேவை கிடைக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

நான்கு, பட்டியலிலிருந்து சீக்கிரம் போகப்போகும் கேம்கள் என்று ஒரு பகுதி இருக்கும். பெரிய கேமைத் தொடங்கும் முன் அதைப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்துங்கள்.

ஐந்து, இந்தக் கணக்கை நீங்களே போட்டு முடிவைச் சொல்லாதீர்கள். பிள்ளையைப் போடச் சொல்லுங்கள். "முடியாது" என்று நாம் சொன்னால் அது நம் கஞ்சத்தனமாகத்தான் அவர்களுக்குத் தெரியும். 6,000 ரூபாயை விளையாடிய மணி நேரத்தால் அவர்களே வகுத்துப் பார்த்தால், அது அவர்கள் எடுத்த முடிவு. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு முக்கியமாக இதைத்தான் சொல்ல விரும்புகிறேன், தம்பி. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய், இரண்டு ரூபாய் என்று சம்பாதிப்பவர் நீங்கள். அந்த 500 ரூபாய்க்கு எத்தனை பக்கம் ஓட வேண்டும் என்று பையனையும் ஒருநாள் கடையில் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவன் கேட்டால், லீவில் ஒரு மாதம் சந்தோஷமாகக் கட்டிக் கொடுங்கள். விளையாட்டு ஒன்றும் குற்றம் இல்லை.

உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள், எந்த கேம் நன்றாக இருந்தது என்று கீழே எழுதுங்கள். ஆங்கிலத்தில் தட்டினாலும் பரவாயில்லை, திருத்த மாட்டேன். கணக்கில் எங்காவது தவறு கண்டுபிடித்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். முழு மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்